டைனோ தாளுக்கு ஓடுற பைக்

டைனோ தாளில உச்சக் குதிரைவலுவை மட்டும் பார்த்துப் புளுகுற பெடியளுக்குத்தான் இது. 150 சிசி எஞ்சினை உச்சத்துக்கெண்டே டியூன் பண்ணினால் அந்த எண் பெரும்பாலும் 9000 ஆர்பிஎம் கிட்டத்தான் வரும். நீங்கள் ரோட்டில ஓடுறதோ 4000-க்கும் 6000-க்கும் நடுவில. அங்க முறுக்குவிசை விழுந்ததை ஒருத்தரும் பாக்கிறேல்ல.

எயார் ஃபில்டரைக் கழட்டி, சத்தத்துக்கு ஒரு சைலன்சரும் பூட்டி, மெயின் ஜெட்டை மட்டும் மாத்தாமல் விட்டால் கலவை மெலிஞ்சு கடைசியில பிஸ்டன்தான் போகும். முழுத் த்ரொட்டிலில காத்து-பெற்றோல் விகிதம் 13:1-க்குக் கிட்ட நிக்குதோ எண்டு முதல்ல பாருங்கோ.

எஸ்.ஏ.இ திருத்தம் போட்ட தாளையும் பழைய எஸ்.டி.டி தாளையும் வச்சுச் சண்டை பிடிக்கிறது அடுத்த கூத்து. ஒரே எஞ்சினுக்கே எஸ்.டி.டி ஏறத்தாழ 4 வீதம் கூடக் காட்டும். மாத்த முதலும் மாத்தின பிறகும் ஒரே டைனோவில, ஒரே டயர் காத்தில எடுத்த இரண்டு கோட்டையும் முழுசாக் கொண்டு வாங்கோ, கதைப்பம்.