மெட்ரோ தூண்களில் ஓவியம்: கரையான்சாவடியில் எங்கள் நிலைப்பாடு

சென்னை மெட்ரோவின் கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி தடத்தின் தூண்கள் கரையான்சாவடியிலும் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றில் ஓவியங்கள் வர வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். ஆனால், லாப நோக்கற்ற ஒரு கலை அமைப்பின் முதல் வேலை திறப்பு விழா நடத்துவதல்ல. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார ஓவியர்களுக்கு முறையான கூலியையும் தொடர்ந்து வேலையையும் உறுதி செய்வதுதான். 2009இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் படம் வரையச் செய்தபோது, டிஜிட்டல் பேனரால் பிழைப்பை இழந்துகொண்டிருந்த பேனர் ஓவியர்களுக்கு அந்த வேலை கிடைத்தது. சாக்பீஸ் தூள் தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போட்டு, கட்டம் பிரித்து, உள்ளங்கை அளவுப் படத்தை ஆளுயரத்துக்கும் மேலே கொண்டுபோகிற தொழில் அவர்களுடையது. சுவர் முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்துவிடும். அடுத்த வேலைக்கு வழி பார்ப்பது ஒப்பந்ததாரரின் கடமையல்ல. அமைப்பு தேவைப்படுவது அங்கேதான்.

2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, மாநகராட்சியுடனும் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்துடனும் சேர்ந்து சென்னை கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரைவித்தது. ஓவியர் ஏ-கில் வரைந்த, சிரிக்கும் இரண்டு குழந்தைகளின் முகங்கள் பலருக்கும் தெரிந்தவை. நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டுக் குடியமர்த்தப்பட்டவர்களுக்குத் தண்ணீரும் வேலையும் தராமல் வண்ணம் பூசுவதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. படம் தண்ணீர்க் குழாய்க்கு ஈடாகாது. அப்படிக் காட்டும் எந்த அமைப்போடும் நாங்கள் சேர மாட்டோம். என்றாலும், அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கொடுக்கத் தயங்கிய நகரம், அதே இடத்தைப் பார்க்கத் தேடிப் போனது சிறிய மாற்றமல்ல. டெண்டர் விட்டால் போதாதா என்பது இன்னொரு வாதம். சதுர அடிக்குக் குறைந்த விலை கேட்பவருக்கே டெண்டர் போகும். அந்தக் குறைவு கடைசியில் ஓவியரின் கூலியில்தான் விழும். உள்ளூர்க்காரர்கள் போர்டு எழுதத்தான் லாயக்கு என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. வெளியூர்க் கலைஞர்கள் தாராளமாக வரட்டும்; ஆனால், ஒவ்வொரு தூணிலும் நம் ஓவியர் ஒருவர் உதவியாளராக அல்லாமல் இணை ஓவியராக இருக்க வேண்டும். அவர் பெயரும் தூணில் இடம்பெற வேண்டும். பேருந்துப் புகையும் மழைச்சேறும் தூணின் அடிப்பகுதியைத்தான் முதலில் கெடுக்கும். அதைத் திருத்தும் பராமரிப்புப் பணம், நன்கொடை ஒப்பந்தத்திலேயே தனியாக ஒதுக்கப்பட வேண்டும். அது இல்லாத எந்தத் திட்டத்திலும் நாங்கள் கையெழுத்திட மாட்டோம்.