ஈயத்தின் நிறமும் நம் பொறுப்பும்



ஃபவுண்டரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மோல்டிங் பாக்ஸும் மணலும்தான். ஆனால் ஊருக்குள் அதிகமாக உருக்கப்படும் உலோகங்களில் ஒன்று ஈயம். படாளம் கூட்டு ரோட்டில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடும் லாரி, பஸ், ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் டிராக்டர், எல்லாவற்றிலும் ஒரு ஈய பேட்டரி. 2012 மின்வெட்டுக்குப் பிறகு வீடுகளிலும் இன்வெர்ட்டர் பேட்டரி வந்துவிட்டது. மாமல்லபுரம் பக்கம் போனால் வீச்சு வலையின் விளிம்பில் ஈயக்குண்டு. பழசான ஈயத்தை உருக்கிப் பாளமாக ஊற்றுபவர்கள் நம்மைப் போன்றவர்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தம்பி, நீங்க படிச்சவங்களாச்சே, கட்டி ஏன் நீலமாவும் மஞ்சளாவும் வருது?"

இதற்குப் பதில் தெரியாமல் டிப்ளமோ வாங்கி என்ன பயன்?

முதலில் ஒரு தெளிவு. பேச்சில் நாம் இரண்டு உலோகத்தையும் 'ஈயம்' என்றே சொல்கிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். 232 டிகிரியில் உருகும். பேட்டரியில் இருப்பது காரீயம். 327 டிகிரியில் உருகும். முன்னது சமையலுக்கு, பின்னது விஷம். காயலான் கடையில் இரண்டும் ஒரே சாக்கில் கிடக்கும்.

இனி நிறத்துக்கு வருவோம். உருகிய காரீயம் சுத்தமாக இருந்தால் வெள்ளிக் கண்ணாடி போல மின்னும். அதன் மேல் தங்க நிறம், ஊதா, நீலம் என்று ஓடினால் சூடு தேவைக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். மேலே படியும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அந்த வானவில். மழைத்தண்ணீரில் பெட்ரோல் சிந்தினால் தெரிகிறதே, அதே கதை. உளியை டெம்பர் செய்யும்போது பார்க்கும் வைக்கோல் நிறமும் நீலமும் இதே வகைதான். நெருப்பைக் குறைத்தால் போதும்.

மஞ்சள் தூளாகவே நின்றால் அது ஈய ஆக்சைடு, நாட்டு மருந்துக் கடைக்காரர் மிருதார்சிங்கி என்பாரே அதுதான். காற்றில் 450, 500 டிகிரியில் நெடுநேரம் கிடந்தால் அதுவே சிவந்து ஈயச் செந்தூரமாகும். சாம்பல் நிறத்தில் கஞ்சி போலக் கெட்டியாகி அச்சில் சரியாக ஓடவில்லையா? துத்தநாகம் கலந்திருக்கலாம். துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும். ஆகவே சூட்டை அதற்குக் கீழேயே வைத்தால் துத்தநாகத் துண்டு உருகாமல் மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். ஊற்றிச் சில நாள் கழித்துப் பாளத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் ஈரமான இடத்தில் வைத்ததுதான் காரணம்.

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். என் கருத்து இனிமேல்தான்.

பேட்டரி பிளேட்டில் இருப்பது முழுக்க உலோகம் இல்லை. பழுப்பு நிற டை ஆக்சைடும் வெள்ளை சல்பேட்டும் நிறைய உண்டு. இவை அடுப்புச் சூட்டில் உருகாது. "என்னடா, கரைய மாட்டேங்குதே" என்று இன்னும் நெருப்பை ஏற்றுவார்கள். அங்கேதான் ஆபத்து. ஈயப் புகையும் ஆக்சைடு தூசியும் கிளம்பும். ஆன்டிமனியும் ஆர்சனிக்கும் கலந்த கசடில் தண்ணீர் பட்டால் விஷவாயு வரலாம். ஈரமான ஸ்கிராப்பை உருகிய ஈயத்தில் போட்டால் வெடித்துத் தெறிக்கும்.

கண்ணுக்குத் தெரியும் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுகிறோம். சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் தூசிக்கு நிறமே தெரியாது. அப்பாவின் மடியில் ஏறி உட்காரும் குழந்தை அதைத்தான் விழுங்குகிறது. செனகல் நாட்டில் டாக்கர் நகரை ஒட்டிய தியாரோய் சுர் மெர் என்ற இடத்தில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தன. காரணம், தெருவோரம் பழைய பேட்டரி உடைத்ததும், அந்த மண்ணை வீட்டுக்குள் கொண்டுவந்து சலித்து ஈயம் எடுத்ததும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், சுமார் 80 கோடிப் பேருக்கு, ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக யுனிசெஃப் 2020-ல் சொன்னது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. பழைய பேட்டரியை டீலர் திரும்ப வாங்க வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது. 2022 விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையிலேயே வைத்தன. ஆனாலும் நூறு ரூபாய் அதிகம் கிடைக்கிறதே என்று நாம்தான் வேறு இடத்தில் கொடுக்கிறோம். "வயித்துப் பொழப்பு சார்" என்பவரைக் குற்றம் சொல்லி என்ன லாபம்? பேட்டரியைக் கொடுப்பது நம் வீடு அல்லவா?

ஆகவே நண்பர்களே, மூன்று வேண்டுகோள். வீட்டு பேட்டரியை டீலரிடமோ அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமோ மட்டும் கொடுங்கள். வலைக்குண்டுக்குச் சுத்தமான ஈயம் உருக்குபவரிடம், திறந்த வெளியில், குழந்தைகள் இல்லாத இடத்தில், வெப்பமானி வைத்து 400 டிகிரிக்குள் வேலை செய்யச் சொல்லுங்கள். கை கழுவி, சட்டை மாற்றிய பிறகே வீட்டுக்குள் போகச் சொல்லுங்கள். பேட்டரி பிளேட்டை அடுப்பில் ஏற்றுபவரிடம் மட்டும் நிறத்துக்கு வைத்தியம் சொல்லாதீர்கள். "நிறுத்துங்க அண்ணே" என்று சொல்லுங்கள்.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பது பழமொழி. ஈயம் நம்மைப் பார்த்து இளிக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டாம். சிந்திப்போம்! செயல்படுவோம்!