பெத்தி சாப்பிட மாட்டேன் என்கிறாள்

வீட்டில் நாய்க்குட்டி இளைத்திருக்கிறது, எதை வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறது, தப்பித் தவறித் தின்றால் வயிற்றால் போகிறது என்றால், அடுத்து எதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கடைக்கு ஓடாதீர்கள். கொடுத்துக்கொண்டிருப்பதில் எதை நிறுத்தலாம் என்று முதலில் பாருங்கள். இது என் கருத்து. முப்பத்து நாலு வருடம் கோப்பு புரட்டியவனுக்கு நாயைப் பற்றிக் கருத்துச் சொல்ல என்ன தகுதி என்றால், தகுதி ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் பட்ட பாடுதான்.

கார்த்திகை மழையில் பேத்தி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு முனைச் சிறுபாலத்தின் அடியில் நனைந்து கிடந்ததாம். நாட்டு நாய், பெட்டை. ஒன்றரை மாதம் இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் விலா எலும்பை எண்ணலாம். மளிகைக் கடைத் தராசில் 1 கிலோ 650 கிராம். ‘பெத்தி’ என்று பெயர் வைத்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும், சின்னது என்று அர்த்தம். பெட்டைக்குட்டி என்பதால் இலக்கணப்படி ‘பெத்தித்’ என்றுதான் சொல்ல வேண்டும். என் மனைவி அதெல்லாம் முடியாது என்றுவிட்டாள். இவள் வாசலில் நின்று “பெத்தி, சாப்பிட வாடி” என்று கூப்பிடுவதைக் கேட்ட எதிர்வீட்டம்மா, பேத்தியைத்தான் இப்படி விரட்டுகிறாள் என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் பசும்பால். வயிற்றால் போனது. பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தோம், அதற்கும் போனது. பிறகு ஊரெல்லாம் வைத்தியர்கள். மாரி பிஸ்கட் என்றார் ஒருவர். தயிர்சாதம் என்றார் இன்னொருவர். முட்டை மஞ்சள் கரு, ஆட்டு ஈரல், ரஸ்க்கு, மகன் வாங்கிவந்த விலையுயர்ந்த டப்பா உணவு. பன்னிரண்டு நாளில் எட்டு வகை. ஒவ்வொன்றையும் முதல் நாள் ஆசையாகத் தின்னும், மறுநாள் மூஞ்சியைத் திருப்பும். திருப்பினால் வேறு வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன?

அப்போதுதான் என் மைத்துனர் வந்தார். “மச்சான், நாய்க்கு இவ்வளவு கொஞ்சலா? ஒரு ராத்திரி பட்டினி போடுங்க, தானா தின்னும்” என்றார். நானும் அந்தக் கட்சிதான். எங்கள் காலத்தில் நாய்க்குத் தனிச் சமையலா? மிச்சம் மீதி விழும், தின்றது பிழைத்தது. பிழைக்காதவை எத்தனை என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அன்றிரவு வைத்ததை அது தொடவில்லை. விட்டுவிட்டோம். விடியற்காலை ஐந்து மணிக்கு மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள். குட்டி சில்லென்று கிடந்தது. நிறுத்தினால் பின்னங்கால் தள்ளாடியது. பேத்தி எங்கோ படித்த ஞாபகத்தில் தேனைத் தொட்டு ஈறில் தடவினாள். கொஞ்சம் கண் திறந்தது. துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏறினோம்.

டாக்டரம்மாவுக்கு என் பேத்தியைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். என்னை நன்றாகத் திட்டினார். “ஐயா, பெரிய நாய் ஒரு நாள் சாப்பிடலைன்னா தாங்கும். இத்தனூண்டு குட்டிக்கு உடம்புல சேமிப்பே கிடையாது. சர்க்கரை இறங்கிடும், உயிரே போயிடும்.” ஆகவே பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்பவர்களுக்கு நான் சொல்வது: மூன்று மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குட்டியிடம் அந்தப் பரீட்சை வேண்டாம். துள்ளி விளையாடிக்கொண்டு ஒரு வேளை வேண்டாம் என்பது வேறு, சுருண்டு படுத்துக்கொண்டு வேண்டாம் என்பது வேறு. இரண்டாவது என்றால், அதோடு வாந்தியோ ரத்தப்போக்கோ இருந்தால், கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பார்வோ என்ற நோய் குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும்.

எங்கள் குட்டிக்குப் பார்வோ இல்லை. ஈறு வெளுத்திருந்தது. மலத்தைப் பரிசோதித்ததில் கொக்கிப்புழு. நாங்கள் எட்டு வகைச் சாப்பாடு போட்டது புழுவுக்குத்தான். எடை பார்த்துப் பூச்சி மருந்து கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அன்று எடை 1 கிலோ 600. வந்த நாளைவிட ஐம்பது கிராம் குறைவு.

அவர் எழுதிக் கொடுத்த பத்தியம் எளிமையானது. குழைந்த சோறும், தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறியும். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, வெங்காயம் பூண்டு கூடவே கூடாது. கொஞ்சம் பரங்கிக்காய் வேகவைத்து மசித்துச் சேர்க்கலாம். ஒரு நாளைக்கு நாலு வேளை, சிறிது சிறிதாக, இளஞ்சூட்டில். சூடு இருந்தால்தான் வாசனை எழும், மூக்கை வைத்துத்தானே நாய் சாப்பிடுகிறது. கால் மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவிட வேண்டும். பின்னாலேயே கிண்ணத்தோடு போகக்கூடாது. ஆனால் சோறும் கோழியும் ஐந்தாறு நாளைக்குத்தான். வளரும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் போதாது. அதன் பிறகு குட்டிகளுக்கென்று விற்கும் தீவனத்தில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும். பால் கிடையாது. பசும்பாலில் உள்ள சர்க்கரை நாய்ப்பாலில் இருப்பதைவிட அதிகம், தாய்ப்பால் மறந்த குட்டிக்கு அதைச் செரிக்கும் சக்தியும் குறைந்துகொண்டே போகும் என்றார்.

பிரெஞ்சில் ‘ரெழீம்’ என்று ஒரு சொல் உண்டு. அரசாட்சிக்கும் அதுதான், பத்தியத்துக்கும் அதுதான். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். இப்போது பொருத்தமாகப் படுகிறது. ஒரு வீட்டில் நாலு பேர் நாலு உத்தரவு போட்டால் இரண்டும் கவிழும்.

எனவே என் பழைய தொழிலைக் கையில் எடுத்தேன். நூறு பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். தேதி, நேரம், கொடுத்தது, தின்றது, மலம், எடை. மலம் என்ற பத்தியில் ‘கெட்டி’, ‘இளக்கம்’, ‘தண்ணீர்’ என்று மூன்று நிலை. மகன் சிரித்தான். சிரிக்கட்டும்.

முதல் வாரம் எடை 1 கிலோ 780. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது வாரம் 1 கிலோ 800, வெறும் இருபது கிராம். காலையில் மட்டும் இளக்கம், மதியம் சரியாகிவிடும். மருந்து கொடுத்தாயிற்று, தீவனம் மாற்றவில்லை, பரங்கிக்காயும் அதே அளவு. ஒரு ராத்திரி நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு காலைகளில் மட்டும் ‘கெட்டி’ என்று எழுதியிருந்தது. வியாழன், வெள்ளி. அந்த இரண்டு நாளும் என் மனைவி வில்லியனூரில் தங்கை வீட்டில் இருந்தாள்.

தணிக்கையில் இப்படி ஒரு முரண்பாடு சிக்கினால் அலுவலகத்தில் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போடுவோம். வீட்டில் அப்படிச் செய்ய முடியாது. காபி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து யாருக்கும் தெரியாமல் அரைத் தம்ளர் பாலில் பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுத்திருக்கிறாள். “அன்னிக்கு அஞ்சு மணிக்குத்தானே அது விறைச்சிக் கிடந்துச்சு? அந்த நேரம் வந்தா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குதுங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “உங்கம்மா சொன்னது இன்னும் காதுல கேக்குது” என்றாள்.

எங்கள் பெண் 1979-இல் பிறந்தவள். ஒல்லி. சோறு என்றால் ஓடுவாள். என் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “பிள்ளைக்குச் சோறு போடத் தெரியாதவ” என்று சொல்வார். நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒரு நாள்கூட ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பெண்ணுக்குப் பின்னாலேயே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை இவள் நடந்தது ஊட்டத்தான் என்று நினைத்திருந்தேன். தன்மீது இருந்த பழியைத் துடைக்கவும்தான் நடந்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேலாகிறது, சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறாள், அது வேறு கதை.

வீட்டில் ஒரு ஜீவன் எலும்பாகத் தெரிந்தால் பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்த வீட்டுப் பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். “என்னம்மா, சோறே போடறதில்லையா?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பாயசத்தில் கிடந்த திராட்சையை அள்ளிப் போடுகிறார்கள். அது நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கும். பிரியாணி எலும்பைப் போடுகிறார்கள். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கேள்வியையும் கேட்காதீர்கள்.

மறுநாள் நோட்டையும் தராசையும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன். விடியற்காலை பயம் போக வேண்டும் என்பதற்காக, டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு இரவு வேளையைப் பத்து மணிக்குத் தள்ளினோம், காலை வேளையை ஐந்தரைக்குக் கொண்டுவந்தோம். பாலுக்குப் பதில் நாலு ஸ்பூன் ஊறவைத்த தீவனம். மூன்றாவது வாரம் 2 கிலோ 150. அடுத்த வாரம் 2 கிலோ 550. இதன் வயதுக்கு இன்னும் குறைவுதான். ஆனால் விலா இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை, தடவினால்தான் தட்டுப்படுகிறது. தடுப்பூசியும் முறைப்படி போட்டு வருகிறோம். இன்னமும் சில நாள் கிண்ணத்தைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பும். கால் மணி நேரத்தில் மனைவி எடுத்துவிடுவாள். எடுக்கும்போது அவள் முகம் வாடுவது எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துவிடுவாள்.

போன ஞாயிறு தெருவில் ஒரு அம்மா எங்கள் வாசலில் நின்று, “என்னக்கா, குட்டி இப்பிடி இளைச்சிக் கிடக்கு?” என்றார். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். வாசலுக்குப் போவதற்குள் மனைவியே நோட்டைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“மூணு கிலோ நானூறு. காலையிலதான் பாத்தேன்.”