ஒரு கார், இரண்டு வேலை

“ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்தில் ஓடிவிட்டுத் திங்கட்கிழமை காலையிலே தாயாரைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்லுங் காருக்கு எந்தப் பிறேக் எண்ணெயை ஊற்றலாம்?” என்று நம்மிடம் முன்னர் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர் கேட்டெழுதியிருக்கிறார். போத்தலின் முகப்பிலே எதிற் பெரிய எண் அச்சிடப்பட்டிருக்கின்றதோ அதனையே வாங்கிவிட எண்ணியிருப்பதாகவுஞ் சொல்கிறார். கேள்வி நல்ல கேள்வி. எண்ணந்தான் நமக்கு உடன்பாடன்று; அவர் பார்த்திருக்கும் எண் வேறு, பார்க்க வேண்டிய எண் வேறு.

பிறேக் எண்ணெய் என வழக்கிற் கூறினும் அஃது எண்ணெயன்று. பெரும்பாலான கார்களில் உள்ளது கிளைக்கோல் வகையைச் சேர்ந்த ஒரு திரவமாகும். மெய்யான எண்ணெயை அதிற் கலந்தால் உள்ளிருக்கும் றப்பர்ப் பாகங்கள் ஊதிக் கெட்டுவிடும். பாதத்தால் மிதிக்கும்போது எழும் அமுக்கத்தை நான்கு சில்லுகளுக்குங் கொண்டு செல்வது இத்திரவமே. மாணவர் பஸ்காலின் விதியெனப் படிப்பது இங்கே காலடியிற் கிடக்கிறது. 1921ஆம் ஆண்டிலே பிரெஞ்சு கிராண்ட் பிறீ பந்தயத்தை அமெரிக்கரான ஜிம்மி மேர்ஃபி வென்றபோது அவருடைய டியூசன்பேர்க் காரில் இருந்தது திரவப் பிறேக்கேயாகும். ஆகவே பந்தயத்துக்கும் இத்திரவத்துக்கும் உள்ள உறவு நூறாண்டைக் கடந்தது.

திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். விடயம் முழுவதும் இவ்விரு சொற்களில் அடங்கியிருக்கிறது. பிறேக்கின் சூடு திரவத்தைக் கொதிக்கச் செய்துவிட்டால் குழாயினுள்ளே ஆவிக்குமிழிகள் தோன்றும். அப்போது மிதிக்கும் மிதியெல்லாங் குமிழிகளை அமுக்குவதிலே கழிந்துபோக, பெடல் தரைவரை இறங்கும், கார் நில்லாது. சூடு தணிந்ததும் ஆவி மீண்டுந் திரவமாகிவிடும். பெடலும் பழையபடி உறுதியாய் நிற்கும். மறுநாட் காலையிற் கராச்சுக்குக் கொண்டுபோனால், “ஒரு பிழையும் இல்லையே” என்பார்கள். பிறேக் பாட்டைகள் அளவுக்கு மீறிக் காய்ந்து பிடியிழப்பது வேறொன்று. அப்போது பெடல் கல்லைப்போல் இருக்கும், காரோ நில்லாது. இவ்விரண்டையும் பிரித்தறியாமற் புதுப் பாட்டை வாங்கிப் பணத்தை இழப்போர் பலர்.

பந்தயத் தடத்திலேதான் இவ்வாறு நேரும், ஊர்ப் பாதையில் நேராது என்று கருதுதல் கூடாது. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியை எடுத்துக்கொள்வோம். அங்கே கார் மேல்நோக்கி ஓடுகிறது; ஓட்டமுஞ் சிறிது நேரத்தில் முடிகிறது; ஏற்றமே வேகத்தைத் தணிக்க உதவுகிறது. பிறேக்குக்கு மெய்யான சோதனை அதன் பின்னர், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போதுதான் வருகிறது. இறக்கம் 1300 மீற்றருக்கு மேல். ஆட்களுஞ் சுமையுமாக 1200 கிலோகிராம் நிறையுள்ள கார் அவ்வளவு தூரங் கீழிறங்கும்போது விடுவிக்குஞ் சத்தி ஏறத்தாழ 15 மெகாயூல். பௌதிகம் படிக்கும் மாணவர் கணித்துப் பார்க்கட்டும்: 45 லீற்றர் தண்ணீரை அறைவெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். தாழ்ந்த கியரில் இறங்கினால் இதில் ஒரு பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். பெற்றோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூற்றலிலே காரை உருட்டுவோர் முழுச் சுமையையும் பிறேக்கின் தலையிற் கட்டுகிறார்கள்.

இனி எண்களுக்கு வருவோம். கிளைக்கோல் திரவம் காற்றிலுள்ள ஈரலிப்பை உறிஞ்சுவது. றப்பர்க் குழாயின் ஊடாகவும் ஈரம் மெல்ல மெல்லப் புகும். நீர் சேரச் சேரக் கொதிநிலை தாழும். எனவே ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கொதிநிலைகள் கூறப்படுகின்றன: புதிதாய் உள்ளபோது ஒன்று, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்தபின் மற்றொன்று. டொட் 3 எனப்படுவதற்குக் குறைந்தபட்ச அளவு 205 பாகை செல்சியஸ், ஈரமேறியபின் 140. டொட் 4க்கு 230, 155. டொட் 5.1க்கு 260, 180. முகப்பிலே பெரிதாக அச்சிடப்படுவது முதலாம் எண். நம் போன்ற ஈரலிப்பு மிகுந்த நாட்டிலே, பல மாதம் ஓடிய காரிலே, நம்மைக் காப்பது இரண்டாம் எண்.

பந்தயத்துக்கெனச் செய்யப்படுந் திரவங்களைப் பார்த்தால் இது தெளிவாகும். மொத்துல் ஆர்.பி.எஃப். 660 என்பதற்குத் தயாரிப்பாளர் கூறும் முதலெண் 325, ஈரமேறியபின் 204. காஸ்ற்றோல் எஸ்.ஆர்.எஃப். என்பதற்கு முதலெண் 320 மட்டுமே, ஈரமேறியபின் 270. நம் இளைஞர் முகப்பை மட்டும் நம்பினால் முன்னதையே எடுத்திருப்பார். பின்னதன் விலை மிக அதிகம் என்பதையுஞ் சொல்லவேண்டும். ஓட்டந்தோறுந் திரவத்தை மாற்றும் பந்தயக் குழுவுக்கு முதலெண் போதும்; திங்கட்கிழமையும் அதே காரிற் போகிறவருக்குப் போதாது.

டொட் 5 என்று ஒன்று உண்டு. 5.1க்கு அண்ணனோ தம்பியோ என எண்ணவேண்டாம்; அது சிலிக்கன் வகை, வேறு குலம். நீரை உறிஞ்சாது என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். உட்புகுந்த நீர் கலவாமல் ஓரிடத்திலே தங்கி 100 பாகையிலேயே ஆவியாகும் என்பதைச் சொல்லமாட்டார்கள். ஏ.பி.எஸ். உள்ள காருக்கும் அது ஆகாது. கிளைக்கோல் திரவத்தோடு அதனைக் கலக்கவுங் கூடாது.

எனவே அவருக்கு நாம் கூறுவது: ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் தடத்தில் ஓடுவதாயின், காரின் கைந்நூல் அனுமதிக்குமானால், ஈரக் கொதிநிலை 180க்குக் குறையாத டொட் 5.1 அல்லது உயர்ந்த டொட் 4 போதும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னர் பழையதை முற்றாக வெளியேற்றிப் புதியதை நிரப்புக. பந்தயமே இல்லாவிடினும் ஆண்டுக்கொருமுறை மாற்றுக. எஸ்.ஆர்.எஃப். வாங்கும் பணத்தில் இதனைப் பலமுறை செய்யலாம். அடிக்கடி தடத்தில் ஓடி, மாற்றுவதற்கு நேரமில்லை என்பவர் விலையுயர்ந்ததை வாங்கட்டும்.

திறந்த போத்தலை அடுத்த பருவத்துக்கென அலுமாரியில் வைக்கவேண்டாம். ஓடி முடித்ததுங் காரை உடனே நிறுத்திக் கைப்பிறேக்கை இழுத்துவிடவும் வேண்டாம். காற்றோட்டம் நின்றபின் தட்டின் சூடு திரவத்துக்கு ஏறும். தடத்திலே கொதியாதது தரிப்பிடத்திலே கொதிக்கும். ஒரு சுற்று மெதுவாக ஓடி ஆறவிடுக. வீட்டுக்குப் புறப்படுமுன் நின்ற இடத்திலேயே பெடலை இரண்டு மூன்று தரம் மிதித்துப் பார்த்து, பஞ்சுபோல் இறங்கினால் தாயாரை அன்று பஸ்ஸில் அனுப்புக. திரவத்தை மாற்றிய திகதியை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் திரவத் தொட்டியின் அருகே ஒட்டிவைப்பது நலம்; ஊற்றும்போது சிந்தாமற் பார்க்க வேண்டும், காரின் பூச்சை அது தின்றுவிடும்.