கூட்டிட்டுப் போங்க என்றால் போதுமா?

பக்கவாதத்தில் விழுந்தவரை, டிஸ்சார்ஜ் சீட்டும் மாத்திரைப் பொட்டலமும் கொடுத்து, "கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். மில்லுக்குப் போகும் மகனுக்கும் கூலிக்குப் போகும் சம்சாரத்துக்கும் என்ன தெரியும்?

2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் கஞ்சி ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. விளங்காத கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை நழுவும். இதையெல்லாம் வார்டிலேயே வீட்டுக்காரர்களைச் செய்யவைத்துப் பார்க்க வேண்டாமா? "புறா ரத்தம் தேயுங்க" என்று சொல்லத்தான் ஊரில் ஆள் இருக்கிறதே!

2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும் என்றார்கள். டிஸ்சார்ஜ் அன்றே உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தால், அன்னூர்க்காரரும் சூலூர்க்காரரும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.