பெரிய மீனும் மாதச் சம்பளமும்



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்று என்னைச் சிரிக்கவும் வைத்தது, சிந்திக்கவும் வைத்தது. நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் நண்பர்களோடு படகேறிக் கடலுக்குப் போகிறவர். குடி இல்லை, சூதாட்டம் இல்லை. தூண்டில் ஒன்றுதான் பித்து. போன மாதம் ஜார்ஜ் டவுனில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் தங்க நிறத்தில் மின்னிய பெரிய ரீல் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தாராம். அன்றிலிருந்து அதே பேச்சு. விலையோ ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்!

“மலிவானதை வாங்கினால் பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார். எங்களுக்கோ பிள்ளைகள் பள்ளிச் செலவு தலைக்கு மேல் இருக்கிறது. அவர் சொல்வது உண்மைதானா, ஐயா?” என்று கேட்கிறார் சகோதரி.

பாதி உண்மை, சகோதரி. மட்டமான ரீல் பெரிய மீனைத் தாங்காது என்பது உண்மை. ஆனால் விலை கூடினால்தான் தாங்கும் என்பது உண்மையல்ல. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் ஒவ்வொரு வெள்ளியும் எதற்குப் போகிறது என்று தெரிந்தே செலவழிக்க வேண்டும். இந்தப் பகுதியை உங்கள் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கேள்வி, எந்த மீனுக்கு இந்த ரீல்?

பினாங்குத் தீவுக்கும் செபராங் பிறைக்கும் நடுவே இருப்பது ஆழம் குறைந்த கடல், சேற்றுத் தரை. பூலாவ் ஜெரெஜாக், பூலாவ் அமான் பக்கமெல்லாம் கிடைப்பது கொடுவா, களவாய், திருக்கை, கெளுத்தி. தீவின் தெற்கே பூலாவ் ரிமாவ், பூலாவ் கெண்டி பக்கம் போனாலும் பெரும்பாலும் இதே கதைதான். இவற்றுக்கு நடுத்தர ரீல் தாராளமாகப் போதும். நடு நீரிணையில் கற்பாறையாக நிற்கும் பூலாவ் பேராக் வரை பல நாள் பயணம் போகிறவர்களுக்குத்தான் பெரிய தெங்கிரி போன்ற ஓட்டக்கார மீன்களைப் பற்றிய கவலை. வடக்கே பூலாவ் பாயார் கடல் பூங்கா. அங்கே தூண்டில் போடவே கூடாது. முதுகுத் துடுப்பைப் பாய்போல விரிக்கும் மயில்மீன் வேண்டுமென்றால், மலாய்க்காரர் அதை ‘லாயாரான்’ என்பார்கள், பகாங் மாநிலத்து ரொம்பினுக்குப் போக வேண்டும்.

பெரிய ரீல்களில் 30, 50, 80, 130 என்று எண் போட்டிருக்கும். எத்தனை பவுண்டு இழுப்பில் அறும் கயிற்றுக்கு அது ஏற்றது என்பதற்கு அடையாளம் அந்த எண். பழைய வகைகளில் 4/0, 6/0, 9/0 என்றிருக்கும். முன் எண் ஏற ஏற ரீல் பெரிது. 1953-இல் பெரு நாட்டுக் கடலில் ஆல்பிரட் கிளாசல் என்பவர் 1,560 பவுண்டுக் கறுப்பு மார்லின் மீனைத் தூண்டிலில் பிடித்தார். 130 எண் ரீல் அப்படிப்பட்ட அசுர மீன்களுக்கு. நம் ஊருக்கு 30 எண் போதும். மிஞ்சினால் 50. விரலுக்குத் தகுந்த வீக்கம்தானே அழகு!

இரண்டாவது கேள்வி, பணம் எதற்குப் போக வேண்டும்?

பிரேக்குக்கு. கடைக்காரர் அதை ‘டிராக்’ என்பார். மீன் இழுக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, அதேசமயம் மீனைக் களைப்படையச் செய்யும் பிடி அது. அந்தக் காலத்து ரீலில் இது கிடையாது. சுழலும் உருளைமீது தோல் துண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். மீன் ஓடினால் கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று விரல் முட்டிகளைப் பெயர்க்கும். ரீலுக்கு உள்ளேயே பிரேக் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1913-இல் அமெரிக்காவின் கேட்டலினா தீவருகே வில்லியம் போஷன் என்பவர் அப்படிப்பட்ட ரீலைக் கொண்டு 355 பவுண்டு வாள்மீனைப் பிடித்தார். தூண்டில்கோலும் ரீலும் கொண்டு அந்த மீனைப் பிடித்த முதல் மனிதர் அவர்தான். அன்றைக்கு வென்றது பிரேக், பளபளப்பு அல்ல.

பிரேக்கை எவ்வளவு இறுக்குவது? கயிறு அறும் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. 30 பவுண்டுக் கயிறு என்றால் ஏறக்குறைய 13.6 கிலோ, பிரேக் நாலரைக் கிலோ. 50 பவுண்டு என்றால் ஏழரைக் கிலோ. பெட்டியின்மேல் ‘30 கிலோ டிராக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆடும் படகில் நின்றுகொண்டு அதை யார் தாங்குவது? ஆறடிக் கோலின் நுனியில் ஏழு கிலோ இழுத்தால் கைக்கு வரும் பாரம் அதைப்போலப் பல மடங்கு. உபயோகப்படாத பலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

எண்ணைவிட முக்கியம், பிரேக் வழுக்கிக்கொண்டு போகிறதா, திக்கித் திக்கிப் போகிறதா என்பது. திக்கினால் கயிறு அறும். இதைக் கண்டுபிடிக்க ஒரு கொக்கித் தராசு போதும். பத்து முழம் கயிறும் அந்தத் தராசும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கயிற்றைச் சுற்றி, பிரேக்கை நாலு கிலோவுக்கு வைத்து, ரீலிலிருந்து நேராக ஒரே சீராக இழுங்கள். முதல் அசைவில் முள் கொஞ்சம் எழும்பும். பிறகு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நாலு, ஏழு, மூன்று, ஆறு என்று குதித்தால், தங்க முலாம் பூசியிருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இழுத்துப் பார்க்கக்கூடாது என்று சொல்லும் கடையும் நமக்கு வேண்டாம்.

அடுத்தது கயிறு கொள்ளும் அளவு. இதில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. கயிறு நிறைந்திருக்கும்போது உருளையின் குறுக்களவு 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் ஓடி ஓடி அது 4 ஆகக் குறைந்தால், நீங்கள் நாலு கிலோவுக்கு வைத்த பிரேக் தானாகவே எட்டுக் கிலோவாகிவிடும்! மீன் தூரப் போகப் போகக் கயிறு அறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஓட்டக்கார மீனுக்கு 300 மீட்டராவது கொள்ளும் ரீல் வேண்டும். மீன் ஓடும்போது பிரேக்கைத் தளர்த்தவும் தெரிய வேண்டும். தங்கூசியைவிடப் பின்னல் கயிறு மெல்லியது. சின்ன ரீலிலேயே நிறையச் சுற்றலாம். ஆனால் பாறையில் உரசினால் சட்டென்று அறும். உருளையிலும் வழுக்கும், அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகச் சட்டமும் அடிப்பாகமும். கோலில் பூட்டும் பாதத்தைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள்; வளைந்து கொடுத்தால் பெரிய மீனுக்கு ஆகாது. தங்க நிறம், வேகமாகச் சுற்றும் பல்சக்கரம், அழகான பெட்டி எல்லாம் இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

புதியது கட்டுப்படியாகாவிட்டால் பழையதைப் பார்க்கலாம், அதில் வெட்கமில்லை. ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையைத் தெரியாதவர் உண்டா? ஆனால் ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். திருகுகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, பாதத்தின் அடியில் வெள்ளைப் பொடி, பின்பக்கமாகவும் சுற்றும் கைப்பிடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். பிலடெல்பியாவில் 1932-இல் தொடங்கிய பென் கம்பெனியின் செனட்டர் போன்ற வகைகள் பல்லாண்டு புழங்கியவை. பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பிரேக் திக்கினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர்களை மாற்றினாலே போதும். எதை வாங்கினாலும் பாகம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் பூலாவ் கெண்டி பக்கம் என் தூண்டிலில் ஒரு பெரிய மீன் மாட்டியது. என்ன மீன் என்று இன்றுவரை தெரியாது. ஒரே இழுப்பு, பிரேக் அசையவில்லை, படார் என்று கயிறு அறுந்தது. குற்றம் ரீலிடம் இல்லை. இரண்டு மாதமாக அதைக் கழுவாமல் மூலையில் போட்டு வைத்த என் சோம்பலிடம்தான். உப்பு உள்ளே இறுகிப் போயிருந்தது. கடலிலிருந்து வந்ததும் பிரேக்கை இறுக்கி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வாளிக்குள் முக்காதீர்கள். துடைத்து நிழலில் உலர்த்தி, பிரேக்கைத் தளர்த்தி வையுங்கள். கால் மணி நேர வேலை.

இப்போது தம்பிக்கு ஒரு வார்த்தை. ரொம்பினுக்கு வருடத்தில் ஒருமுறை போவதற்கென்று தனியாகப் பெரிய ரீல் எதற்கு? படகு நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாமே! மற்ற ஞாயிறுகளுக்கு 30 எண்ணில் நல்ல பிரேக் உள்ள பழைய ரீல் ஒன்று போதும்.

சகோதரி, உங்களுக்கும் ஒன்று. வாரம் முழுவதும் குலை வெட்டிக் காய்த்த கைக்கு ஒருநாள் தூண்டில் பிடிக்க ஆசை வருவது தவறில்லை. பள்ளிச் செலவை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சியதில் மாதாமாதம் கொஞ்சம் அவர் ரீலுக்கென்று ஒரு டப்பாவில் போட்டு வாருங்கள். அந்த டப்பா நிறையும்போது தராசை எடுத்துக்கொண்டு இருவருமாகவே கடைக்குப் போங்கள். தராசின் முள்ளை நீங்களே பாருங்கள். அவர் கண் அந்தத் தங்க நிறத்தின்மேல்தான் இருக்கும்!