மலை இரயிலைப் புதுப்பிக்கும்போது

வயதாகிப்போன மலை இரயிலைப் பழையபடியே காப்பதா, கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவதா? நாம் நன்கறிந்த பினாங்குக் கொடிமலை ஒரு விடையைத் தந்தது. தமிழகத்து நீலகிரி வேறொரு விடையைத் தந்தது.

கொடிமலை இரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. கம்பிவடம் இழுக்கச் செங்குத்துச் சரிவில் ஏறும் இரயில் அது. பாதை இரு பகுதிகளாக இருந்ததால் பயணிகள் நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. 2010இல் அச்சேவையை நிறுத்திப் பாதையையும் பெட்டிகளையும் மாற்றினர். 2011இல் வந்த புதிய இரயில் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே மூச்சில் ஏறுகிறது. பழைய பெட்டிகள் காட்சிப் பொருளாயின.

நீலகிரிப் பாதை 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் அமைந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். குன்னூருக்குக் கீழே ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம். வெறும் சக்கரம் அங்கே வழுக்கும். எனவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டத்தைப் பதித்தனர். இயந்திரத்தின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றுகிறது. 2005இல் இப்பாதை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட பழைய நீராவி இயந்திரங்கள் தேய்ந்தபோது, அதே வகை இயந்திரங்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகவே செய்தார்கள்.

இரண்டு முடிவுகளும் அதனதன் இடத்தில் சரியே. கொடிமலைக்கு வேகம் தேவைப்பட்டது. நீலகிரிக்கு அதன் பழமையே அடையாளம். ஆயினும் நான் அதிகம் மதிப்பது பொன்மலையில் நடந்ததைத்தான். பழைய பெட்டியைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கலாம். கைத்திறனை அப்படிக் காக்க இயலாது. அடுத்த தலைமுறை அந்த வேலையைச் செய்தால்தான் அது உயிரோடிருக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இல்லையென்றால், எவ்வளவு புதிய இரயிலும் விரைவில் பழைய இரயில்தான்.

இன்னொன்றும் உண்டு. இரயிலைப் புதுப்பித்தாலும் மலை பழைய மலைதான். 2009 நவம்பர் மழையில் நீலகிரியிலும், 2017 நவம்பர் மழையில் கொடிமலையிலும் பல இடங்களில் மண் சரிந்தது. சரிவில் ஊறும் நீரை வடியவிடாமல், மேலே எத்தனை கோடி கொட்டினாலும் பயனென்ன? புதிய பெட்டிக்குத் திறப்பு விழா உண்டு. வடிகாலுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. அதனாலேயே அதற்கான பணம் முதலில் வெட்டப்படுகிறது என்ற ஐயம் எனக்குண்டு.

ஆகவே, மலை இரயிலைப் புதுப்பிக்கும் எந்தத் திட்டத்தையும் இரண்டு கேள்விகளால் அளக்கலாம். இதை நம்மவர்களே பழுது பார்க்க முடியுமா? இரயிலுக்கு ஒதுக்கிய பணத்தில் மலைக்கும் பங்குண்டா? பொறியியல் பயிலும் நண்பர்களே, அடுத்த முறை கொடிமலை ஏறும்போது கீழே விரியும் நகரத்தைப் பாருங்கள். பாதையோரத்து வடிகாலையும் ஒருமுறை பாருங்கள்.